கவுன்சிலரைக் காணவில்லை

கோச்சடை, மதுரை
7 ஜூலை 2025

திரு. காளை அவர்களுக்கு,

வணக்கம். உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் நான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்த இன்லண்ட் கடிதத்தைப் பார்த்ததும் நான் இறங்கி வந்துவிட்டதாக உங்கள் மகன் அசோக்குமாரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கக்கூடும். மே மாதம், வைகைப் பாலத்தின் மேல், எனக்குப் பழக்கமான ஒரு நாயை நீங்கள் சிலம்பக் கம்பால் விரட்டினீர்கள். நான் கம்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது எறிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கம்பு மணலில் விழுந்தது. கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அண்ணாந்து பார்த்து, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அதைக் கொடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னீர்கள். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் வாயில் அது வரலாம், ஓய்வுபெற்ற சயின்ஸ் வாத்தியார் கையால் அதை எழுத முடியாது. மறுவாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு சமயநல்லூருக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

நான் இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. பைபாஸ் முனையில் ஆட்டோ வெள்ளைத்துரை தினமும் வண்டியை என் பக்கத்தில் உருட்டிக்கொண்டே வருகிறார். "ஏறுங்க சார், எம்புட்டு தூரம்தான் நடப்பீங்க?" என்கிறார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்ப்பா" என்றேன். "எனக்கும்தான் சொல்லியிருக்காரு. அதுக்காக நடந்தேவா நடப்பாங்க? நான் ஆட்டோல பார்க் வரைக்கும் போயி, அங்கன நடந்துட்டு ஆட்டோல வந்துருவேன்" என்றார். போன வாரம் எதிரில் வந்த ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "சாப்பிட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான். பழைய மாணவனாக்கும் என்று நானும் முழங்கால் வலி வரைக்கும் விவரமாகச் சொன்னேன். அவன் காதிலிருந்து எதையோ எடுத்துவிட்டு, "சார், நான் மாமனார்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்றான்.

இவற்றை எழுதுவதற்காக மட்டும் கடிதம் எழுதவில்லை. ஒரு சந்தேகம். மாணவர்களுக்குச் சொல்வதுபோல ஓர் உதாரணத்தோடு கேட்கிறேன். ஒருவர் இருக்கிறார். 'அ' என்று வைத்துக்கொள்வோம். அவர் தினமும் காலையில் ஒரு தெருநாய்க்குப் பிஸ்கட் போடுகிறார். சனிக்கிழமை பிஸ்கட்டை நீட்டும்போது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் டமாரென்று சத்தம் போட்டது. நாய் மிரண்டு துள்ளியது. அதன் பல் அவருடைய கெண்டைக்காலில் பட்டது. கடித்தது என்று சொல்ல முடியாது. பட்டது. குங்குமப் பொட்டளவு ரத்தம். அவர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். நாயின்மீது தவறே இல்லை.

முதலுதவிப் பயிற்சி பெற்றவர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன? தகவலுக்காக மட்டுமே கேட்கிறேன்.

இப்படிக்கு,
அனந்தநாராயணன்


சமயநல்லூர்
9 ஜூலை 2025

அனந்தநாராயணன் சாருக்கு,

உங்கள் உதாரணம் கிடைத்தது.

ஒரே ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு முடி நரைத்தது. உங்களுக்கு வயிறு சரியில்லை என்றால்கூட, 'ஒருவருக்கு வயிறு சரியில்லை என்று வைத்துக்கொள்வோம்' என்றுதான் ஆரம்பிப்பீர்கள். அந்த 'அ' யார் என்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பறிவாளன் வேண்டாம்.

ஊசி போட்டாச்சா? ஆம் அல்லது இல்லை. உதாரணம் வேண்டாம்.

நீங்கள் ஒன்றை எழுதியதால் நானும் ஒன்றை எழுதுகிறேன். கம்பு இல்லாமல் நான் ஏன் நடப்பதில்லை என்று நீங்கள் பல தடவை கேலி செய்திருக்கிறீர்கள். "சிலம்பம் ஆட இங்கே யார் இருக்கா?" என்பீர்கள். எங்கள் சித்தப்பாவை நாய் கடித்தபோது நான் சின்னப் பையன். அதுவும் வீட்டில் பழகிய நாய்தான். பல் பட்டது என்றுதான் அவரும் சொன்னார். பச்சிலை வைத்துக் கட்டினார்கள். அவர் உழுதார், சந்தைக்குப் போனார், சிரித்துப் பேசினார். எல்லாரும் மறந்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் தண்ணீர் கேட்டார். செம்பை நீட்டினார்கள். தொண்டை இழுத்துக்கொண்டது. செம்பைத் தட்டிவிட்டுக் கத்தினார். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுத்தால் குடிக்க முடியவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி சுபலட்சுமிக்குக்கூடத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் பாலத்தில் என்னை அவமானப்படுத்திய பிறகு மாநகராட்சிக்கு விடாமல் போன் போட்டேன். உங்கள் பைபாஸ் பக்கம் திரியும் நாய்களைக் கருத்தடைக்குப் பிடித்துப்போக இந்த வாரம் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஊசி போட்டாச்சா?

காளை


கோச்சடை
11 ஜூலை 2025

காளை சார்,

இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் முதலில் எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் முதலில் எழுதிவிட்டேன். இனிக் காரணங்களைக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பில் நான் வருடந்தோறும் நடத்திய பாடம் இது. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் பயமில்லை. இரண்டு மதிப்பெண் கேள்வி. நான் அதைத்தான் செய்கிறேன். என் மகள் மதுவந்தியிடமும் சொல்லவில்லை. போன தடவை நான் குளியலறையில் வழுக்கியதற்கே, "இன்னொண்ணு நடந்ததுன்னா பெங்களூருக்குக் கூட்டிண்டு போயிடுவேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வீடு பதினான்காவது மாடியில். அங்கே நடப்பது என்றால் லிஃப்ட்டிலிருந்து கதவு வரை நடப்பதுதான். மூன்றாவது காரணம், ஊசி. சிறுவயதில் எங்கள் தெருவில் ஒருவருக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் நாயைக் காணவில்லை.

செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, வால் நுனி கிடையாது. முதல் நாட்களில் நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை காலை வழக்கமான இடத்தில் இல்லை. தேடிக்கொண்டு நடந்தேன். பருத்திப்பால் வண்டிக்காரரிடம் அடையாளம் சொன்னேன். "நம்ம கவுன்சிலரா?" என்றார். "அதென்ன பெயர்?" என்றேன். "எந்த வீட்டு விசேஷம்னாலும் பந்தல்ல மொத ஆளா நிக்கும். சாப்பாடு முடிஞ்சா அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போயிரும். பேரு கரெக்ட்டுதான சார்?" என்றார். அடுக்கு மாடிக் குடியிருப்புக்காரப் பெண்மணி, "அது எங்க ப்ரூனோ, வீகன் பிஸ்கட்தான் சாப்பிடுவான்" என்றார். கறிக்கடைக்காரர், "ப்ரூனோவா? அவன் எங்க பீமன். குடல் இல்லாம அசைய மாட்டான்" என்றார். தெருக் கூட்டும் ராமக்காள், "அது பொட்டை நாயி சார், லட்சுமி" என்றார். நான் சிரிக்க வேண்டிய இடம் இது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இன்று பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் வெள்ளைத்துரைதான் சொன்னார். "நாய் வண்டி வந்துச்சு சார். யாரோ சமயநல்லூர் வாத்தியார் போன் மேல போன் போட்டுக் கொன்னுட்டாராம். ஆனா கவுன்சிலரு வண்டில ஏறுனத நான் பாக்கல. அது முன்னாடியே ஒரு மாதிரி சுருண்டு படுத்துக் கெடந்துச்சு."

சுருண்டு படுத்துக் கிடந்தது. ஏன்? வெயிலா, வயிற்றுவலியா, வேறா?

உங்கள் கடிதம் நேற்று மதியம்தான் வந்தது. உங்கள் சித்தப்பாவைப் படித்த பிறகு நான் தண்ணீர் குடிக்கும் விதமே மாறிவிட்டது. தம்ளரைக் கையில் எடுத்ததும் தொண்டையைக் கவனிக்கிறேன். முதல் மடக்கு இறங்கியதும் மூச்சு வருகிறது. பிறகு, 'சரியாக இறங்கியதா?' என்று இன்னொரு மடக்கு. இதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன். காலில் காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த இடம் அரிப்பதுபோல இருக்கிறது. உண்மையில் அரிக்கிறதா என்று தெரியவில்லை.

நாய் கண்முன்னால் இருந்திருந்தால் எனக்குப் பயமில்லை. நீங்கள் போன் போட்டு அதைக் கொண்டுபோய்விட்டீர்கள். இதை நான் உங்களை மன்னிக்காத கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

அனந்தநாராயணன்


கையில் கொடுத்தது
13 ஜூலை 2025, ஞாயிறு

சார்,

நேற்று மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, நாய்களைக் கொண்டுபோய் வைத்திருக்கும் இடத்துக்குப் போனேன். செவலை, நெற்றியில் வெள்ளை, வால் நுனி இல்லை. பார்த்தேன்.

செத்துவிட்டது.

சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வண்டி வாசலில் நிற்கிறது. பேச இஷ்டமில்லை என்றால் பேச வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் போதும். ஆதார் கார்டை எடுத்துக்கொள்ளவும்.

காளை


கோச்சடை
16 ஜூலை 2025

அன்புள்ள காளை சார்,

இன்று எனக்கு இரண்டாவது ஊசியும் போடவைத்து, கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டீர்கள். "வாரேன்" என்று ஒரு சொல் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மணி அடித்தபோது பால்காரர் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் நீங்கள், கையில் மடித்த காகிதம். வாய் திறக்காமல் நீட்டினீர்கள். 'செத்துவிட்டது' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது பயம் அல்ல. வகுப்பில் ஒரு மாணவன் விடைத்தாளை நீட்டும்போது, விடை தவறு என்று தெரிந்தும் மறுபடி ஒருமுறை வாசிப்போமே, அதுபோல மறுபடி வாசித்தேன். அப்புறம்தான் அப்படியே வாசற்படியில் உட்காரப் போனேன். நீங்கள் தோளைப் பிடித்து நிறுத்தி என் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தீர்கள். பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருளில் நின்றேன். அதுதான் நல்லது என்று தோன்றியது.

பெரியாஸ்பத்திரியில் நாய்க்கடிக்கு அவ்வளவு பெரிய வரிசை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மதுரையில் காலையில் நடக்கிற எல்லாரும் அங்கேதான் வந்து சேர்கிறார்களோ என்னவோ. எனக்கு முன்னால் பாண்டியம்மாள் என்று ஓர் அம்மாள். பூனை பிராண்டிவிட்டதாம். "பூனைக்கும் ஊசியா?" என்று யாரோ கேட்டதற்கு, "எனக்குத்தான் ஊசி, பூனைக்கு எங்க வீட்ல கருவாடு" என்று சொன்னார். வரிசையே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகலாம் என்று பார்த்தேன். அவர் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எழுதிவைக்கிறேன். நர்ஸ் அம்மா கூப்பிட்டதும் நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.

"அய்யா, எதுக்கு வயித்தைக் காட்டுறீங்க? பசிக்குதா?"

"தொப்புளைச் சுற்றித்தானேம்மா..."

"அதெல்லாம் எங்க அப்பா காலத்துல. கையைக் காட்டுங்க. எப்பக் கடிச்சுச்சு?"

"சனிக்கிழமை... நேற்று இல்லை, அதற்கு முந்தின சனிக்கிழமை. ஒரு வாரம் ஆச்சு."

"அம்புட்டு நாளும் என்ன செஞ்சீங்க?"

"நாயைத் தேடினேன்."

"ஊசியத் தேடாம நாயத் தேடுனீங்களா? என்ன வேலை பாத்தீங்க?"

"சயின்ஸ் வாத்தியார்."

அப்போதுதான் நீங்கள் என் பின்னால் நின்றுகொண்டு, மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தீர்கள். "இவருகிட்ட படிச்ச பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு இன்னொரு தடவை பரீட்சை வைக்கணும் சிஸ்டர்." அந்த அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாயப் பாருங்க, வேணாங்கல. ஊசியப் போட்டுக்கிட்டுப் பாருங்க. பத்து நாள் பாத்துட்டுப் போட்டுக்கலாம்னு இருந்தவங்கள நான் பாத்திருக்கேன்."

கையில் போட்ட ஊசி எறும்பு கடித்தாற்போல இருந்தது. காயம் ஆறிய இடத்தைச் சுற்றிப் போட்டது வலித்தது. ஆனால் வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மற்றதைத்தான் எழுத வேண்டும்.

நாய் செத்துவிட்டது என்றால் அதற்கு நோய் இருந்தது. அப்படியென்றால் அது என் காலிலிருந்து புறப்பட்டுவிட்டது. உங்கள் மைதானத்து உதாரணமே சொல்கிறேன். ஓட்டப் பந்தயம். ஒருவன் விசில் ஊதிய உடனே ஓடத் தொடங்கிவிட்டான். மற்றவனை ஒரு வாரம் கழித்துத்தான் கோட்டில் நிறுத்தியிருக்கிறேன். அவனை நிறுத்தாமல் வைத்திருந்தது நான்தான். யார் முதலில் வருவார்கள் என்று உள்ளே யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

மதுவந்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "சரிப்பா" என்றாள். அந்த 'சரிப்பா'தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

நடக்கப் போவதில்லை. பால் வாங்கக்கூட. தெருவில் ஏதாவது குரைத்தால் ஜன்னலைச் சாத்துகிறேன். தாகம் எடுத்தால் சமையலறைக் கதவில் நின்று யோசிக்கிறேன்.

நாய் எப்படிச் செத்தது என்று எழுதுங்கள். வாயில் நுரை இருந்ததா? கால் இழுத்ததா? மறைக்க வேண்டாம். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது எனக்கு எளிது.

அனந்தநாராயணன்


சமயநல்லூர்
18 ஜூலை 2025

அனந்து சார்,

நாய் எப்படிச் செத்தது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. போனேன், கிடந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஓட்டப் பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? விளையாட்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் கிளம்பியவன் எல்லாம் ஜெயித்தால் எனக்கு விசிலே தேவைப்பட்டிருக்காது. எத்தனை பேர் கடைசி வளைவில் முந்தி வந்திருக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். என் சித்தப்பாவுக்கு ஊசியே கிடையாது. உங்களுக்கு உண்டு. அந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்காதீர்கள். அந்தக் கதையை எழுதியதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நடங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தால் மனசுக்குள் நாய் வளரும். நானும் இங்கே நடக்கிறேன். நாலு வழிச் சாலை ஓரமாகத்தான். எங்கள் தெரு அழகம்மாள் நேற்று வழிமறித்து, "எங்க சார் போறீங்க?" என்று கேட்டார். "சும்மா நடக்குறேன்" என்றேன். "ஒரு சோலியும் இல்லாம இம்புட்டு வேகமாவா? அப்ப வர்றப்ப நம்ம தோட்டத்துல ஒரு புல்லுக்கட்டு இருக்கு, தூக்கிட்டு வந்துருங்க" என்றார். ஓய்வுபெற்ற அரசு ஊழியன் தலையில் புல்லுக்கட்டோடு வந்தேன். பின்னாலேயே ஒரு ஆடு மேய்ந்துகொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக் கட்டைக் காணோம். சிரித்தாச்சா? சிரிக்காவிட்டால் மறுபடி வாசியுங்கள்.

இருபதாம் தேதி மூன்றாவது ஊசி. காலையில் வருவேன். மத்தியானத்துக்கு மேல் எனக்கு வேறு சோலி இருக்கிறது, தினமும். அதனால் காலையிலேயே தயாராக இருங்கள். ஹெல்மெட்டை நேராகப் போடப் பழகிக்கொள்ளவும்.

காளை


கோச்சடை
25 ஜூலை 2025

காளை சார்,

இன்று காலை நடக்கப் போனேன். நீங்கள் சொன்னதற்காகத்தான். பாலம் வரை மட்டும் போய்த் திரும்பிவிடுவது என்று எண்ணம். கையில் பிஸ்கட் எடுத்துக்கொள்ளவில்லை.

பருத்திப்பால் வண்டிப் பக்கத்தில், மாவு மில் நிழலில், செவலை நிறத்தில் ஒன்று படுத்திருந்தது. செவலை நாய் ஊரில் ஆயிரம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அது தலையைத் தூக்கியது. நெற்றியில் வெள்ளை. எழுந்து நின்றது. வால் நுனி இல்லை.

சார், செத்த ஒன்று எழுந்து வந்து என்னைப் பார்த்து மீதி வாலை ஆட்டினால் நான் என்ன நினைப்பேன்? இந்த நோயில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறேன். தொடங்கிவிட்டது, மூளைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். நாய் என் பக்கம் வந்தது. என் கால் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இது இல்லை, இது இல்லை" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. வண்டிக்காரர், "என்ன சார் இல்ல? பருத்திப்பாலா? இப்பத்தான அடுப்ப ஏத்திருக்கேன்" என்றார்.

"இங்கே ஒரு நாய் நிற்கிறதா, சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள்."

"நிக்குதே. நம்ம கவுன்சிலரு. முந்தாநாள்தான் கொண்டாந்து எறக்கிவிட்டாங்க. காதுல ஒரு வெட்டு வெட்டி அனுப்பிருக்காங்க பாருங்க. ஆபரேசன் ஆயிருச்சுல்ல, இனி இவருக்கு வாரிசு அரசியல் கெடையாது."

வெள்ளைத்துரை ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சாலையில் போன இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது வந்து என் செருப்பை முகர்ந்தது. அதன் மூச்சு கால் பெருவிரலில் சூடாகப் பட்டது. பல் பட்ட நாளிலிருந்து இன்றைக்கு எவ்வளவு நாள் என்று என் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பத்து நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. நோய் இல்லாத நாய். என் காலிலிருந்து எதுவும் புறப்படவே இல்லை.

நீங்கள் பார்த்ததாக எழுதினீர்கள். கிடந்தது என்று இரண்டாவது முறையும் எழுதினீர்கள். வேறு நாயைப் பார்த்து ஏமாந்தீர்களா? வால் நுனி இல்லாததுகூடவா ஒத்துப்போகும்? இல்லை என்றால், சார், இரண்டு வாரம் நான் தண்ணீர்த் தம்ளரின் முன்னால் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதனை அப்படி வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஊசி இனி எதற்கு? பதில் எழுதுங்கள்.

அனந்தநாராயணன்


சமயநல்லூர்
28 ஜூலை 2025

அனந்து சார்,

ஏமாறவில்லை. பொய் சொன்னேன்.

அன்றைக்கு நான் போனபோது அது கூண்டில் நன்றாக உட்கார்ந்திருந்தது. உங்கள் கவுன்சிலர்தான். என்னைப் பார்த்ததும் பாலத்தில் கம்பால் விரட்டியவன் என்று தெரிந்து, கூண்டின் மறுமூலைக்குப் போய்விட்டது. "இது நல்லா இருக்கா?" என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு சார். நாளைக்கு எப்படின்னு நாளைக்குத்தான சொல்ல முடியும்?" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது யோசித்தேன். நாய் உயிரோடு இருக்கிறது என்று உங்களுக்கு எழுதினால் என்ன செய்வீர்கள்? பாடத்தில் இருக்கிறது என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீதி நாட்களையும் பார்த்துவிடலாம் என்பீர்கள். ஊசிக்கு வரமாட்டீர்கள். அந்த மீதி நாளில் அது செத்துப்போனால்? உங்களை நான்கு பேர் பிடித்துத் தூக்கிப்போக முடியும். முப்பது வருடமாக உங்களை ஒரு கருத்திலிருந்து நகர்த்த எவனாலும் முடிந்ததில்லை. உங்களை நகர்த்தக்கூடியது ஒரே ஒரு சொல்தான். அதை எழுதினேன்.

அதை எழுதிவிட்டு உங்கள் வாசலில் மணி அடித்துவிட்டு நின்றபோது எனக்கு இருந்த பயத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஹெல்மெட் போட்டிருந்தேன். படித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆம்புலன்ஸ் நம்பரைத் திரையில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் காகிதத்தை நீட்டினேன். நீங்கள் படியில் உட்காரப் போனபோது பொய் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதனால்தான் உங்கள் தலையில் இன்னொரு ஹெல்மெட்டை அவசரமாகக் கவிழ்த்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லியிருப்பேன்.

முதல் ஊசி போட்ட பிறகு சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். மற்ற ஊசிகளுக்கு நீங்கள் வராமல் போய்விட்டால் என்ற பயம். கடைசி ஊசி வேண்டுமா என்று இப்போது நர்ஸ் அம்மாவிடமே கேட்டுக்கொள்வோம். பத்தாம் தேதி காலையில் வருகிறேன். அவர் போட வேண்டும் என்றால் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். உங்கள் பாடமும் வேண்டாம், என் பொய்யும் வேண்டாம்.

என்னைத் திட்டுங்கள். மன்னிக்க வேண்டாம். ஆனால் நான் உங்களைப் பயத்தில் உட்கார வைத்துவிட்டு இங்கே நிம்மதியாகத் தூங்கினேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் தினமும் சோலி என்று எழுதினேன் அல்லவா, அது அந்த இடத்துக்குப் போவதுதான். ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகும் முன் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். மூலையில் அது சுருண்டு கிடந்தால் பக்கத்தில் போகக் கால் வராது. எனக்கு நாய் என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். "சார், ஒங்க நாயா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தாகம் எடுத்தால் சமையலறைக் கதவில் நிற்பதாக நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்று, போகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கினேன். அதில் தண்ணீரை ஊற்றிக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டுத் தள்ளி நின்றேன். அது முகர்ந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு என் சித்தப்பாவின் கதவு நினைவுக்கு வந்தது. உங்கள் பெயரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அது எழுந்து வந்து, குனிந்து, நக்கிக் குடிக்க ஆரம்பித்தது. கிண்ணம் காலியாகும் வரை குடித்தது. நான் மறுபடி ஊற்றினேன்.

காளை